ஆடித் தொடரின் முப்பத்தெட்டாம் விளக்கம்

செங்காட்டுப்பாளையத்தில் ‘அப்ப நாங்க கிளம்பறோமுங்க’ என்று சொன்ன விருந்தாளிகள் சொன்ன மாத்திரத்தில் உண்மையாகவே கிளம்பிப் போன முதல் நாள், அந்த வருஷத்து ஆடி மாதத்தின் முதல் ஞாயிறு. அதற்கு முன்பெல்லாம் அந்த ஊரிலும், எந்த ஊரிலும்போல, கிளம்புகிறோம் என்று சொன்ன பிறகுதான் இன்னொரு காப்பியும், வாசற்படியில் வைத்து ஒரு கல்யாணப் பேச்சும், செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு ஆஸ்பத்திரிக் கதையும், வண்டியை உதைத்துக் கிளப்பியபின் பங்காளி ஒருவரைப் பற்றிய முக்கியமான இரகசியமும் வெளியே வரும். அன்றைக்கோ சொன்ன வாய் மூடுவதற்குள் கால்கள் தாமாகத் திரும்பி, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருமுனை தாண்டி நடந்தன. பாதியில் நின்ற இரகசியத்தைத் திரும்பித் திரும்பிக் கத்திக்கொண்டே போன ஒரு பெரியம்மாவால் அது நான்கு தெருக்களுக்கும் தெரிந்துபோயிற்று. சாயங்காலத்துக்குள் காரணமும் தெரிந்தது. வேலவன் மகால் கல்யாண மண்டபத்துச் சுவரில் துளசிமணி அன்று காலை ஒட்டிய காகிதத்தில் முப்பத்தொன்றாம் விளக்கம் இப்படி இருந்தது: ‘பாய்கிறேன் என்று அறிவித்த படை பாய்ந்தே ஆக வேண்டும். அறிவித்துவிட்டு நின்று யோசிக்க அனுமதி இல்லை.’

அது பொம்மைச் சண்டைக்கு எழுதிய விளக்கம். அந்த ஊரில் பம்பு வார்க்கும் பட்டறைகள் நாற்பதுக்கு மேல் உண்டு. பட்டறையில் மிஞ்சிய வெள்ளீயத்தில் கட்டைவிரல் உயரத்துக்குச் சிப்பாய்களை வார்த்து, வண்ணம் தீட்டி, ஆறடிக்கு நாலடி மேசையில் தெர்மாகோல் குன்றுகளுக்கும் பாத்திரம் தேய்க்கும் நாரில் செய்த மரங்களுக்கும் நடுவே நிறுத்தி, தையல்காரர் டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி ஒருவர் படையை மற்றவர் வீழ்த்துவதுதான் விளையாட்டு. பெயர்ப்பலகை ‘சிற்றுருப் போர் மன்றம்’ என்று சொல்லும்; ஊர் ‘பொம்மைச் சங்கம்’ என்றுதான் சொல்லும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும், ஆகவே ஆடி மாதத்து ஞாயிறு ஒவ்வொன்றும் போட்டி. பேரன் எடுத்த பட்டறை முதலாளிகளும் பல் டாக்டரும் மேசையோடு மேசையாகக் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடி, ‘என் குதிரைக்காரன் கண்ணுக்கு உங்க வில்லாளி தெரியறானா இல்லையா’ என்று நரம்பு புடைக்கக் கத்துவார்கள். கத்தல் முற்றினால் நடுவரைக் கூப்பிடுவார்கள். நடுவர் சொன்னதைக் காகிதத்தில் எழுதி, எண் போட்டு, மைதாப் பசை தடவிச் சுவரில் ஒட்டுவார்கள். அதற்குப் பெயர்தான் விளக்கம்.

நடுவர் துளசிமணிக்கு ஐம்பத்தாறு வயது. வாரத்தில் ஆறு நாள் ஒரு பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனை. அவள் கையால் ஒதுக்கிய வார்ப்பு, முதலாளி வந்து கெஞ்சினாலும் உலைக்குத்தான் திரும்பும். ஏழாவது நாள் பொம்மைச் சங்கத்தில் அதே வேலை, அதே பூதக்கண்ணாடி. பதினேழு வருஷத்தில் அவள் ஒட்டிய விளக்கம் ஒன்றைக்கூடத் திரும்பக் கிழித்ததில்லை. அதில் அவளுக்குப் பெருமை என்று சொன்னால் குறைவு. காலையில் எழுந்து கண்ணாடியில் முகம் பார்க்கிறபோது அவள் பார்த்துக்கொள்வதே அதைத்தான்.

அவள் எழுதுவது ஏன் ஊருக்குள்ளும் பலிக்க ஆரம்பித்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. பசையில் ஏதோ இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது ஒரு காகிதத்தில் இருப்பது ஊரெல்லாம் பறக்காதா என்று சிலர் சொன்னார்கள். அதற்குமேல் கேட்க ஆட்களுக்கு நேரமில்லை, ஏனென்றால் இருக்கிற விளக்கங்களை வைத்துப் பிழைக்கப் பழகுவதே பெரிய வேலையாக இருந்தது. ‘மேசையை விட்டுக் கீழே விழுந்த பகடை செல்லாது, முதலிலிருந்து உருட்ட வேண்டும்’ என்ற இருபத்தொன்பதாம் விளக்கத்தால், சந்தைப் பக்கம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த பல் டாக்டர் எழுந்து பார்த்தபோது தன் வீட்டு வாசலில், கையில் சாவியோடு, அதே சட்டையில் ஒரு கறைகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். ‘பாதிக்கு மேல் மறைந்து நிற்பவனைத் தாக்க முடியாது’ என்ற முப்பத்துநாலாம் விளக்கம் வந்த மறுநாளிலிருந்து, வீட்டுக்கு வீடு ஆண்கள் தூண்களுக்குப் பின்னாலும் பீரோக் கதவுக்குப் பின்னாலும் முக்கால்வாசி உடம்பை மறைத்துக்கொண்டு நின்றே பெண்டாட்டியிடம் பேசினார்கள், பெண்டாட்டிமாரும் சும்மா இருக்கவில்லை, வீட்டில் இருந்த தட்டுமுட்டுகளையெல்லாம் சுவரோரம் தள்ளி நடுக்கூடத்தை மைதானமாக்கினார்கள். ‘ஒரு சுற்றில் ஒரு தாக்குதல்தான்’ என்ற முப்பத்தாறாவது வந்தபின் குழாயடிச் சண்டைகூட, ‘நீ சொல்லிட்டே, இப்ப என் முறை’ என்று பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிபோல நடந்தது.

இத்தனை விளக்கங்களில் பாதியைக் கேட்டு வாங்கியவர் மருந்துக்கடை ஸ்டான்லி. ஆட்டத்தில் ஜெயிப்பதைவிட விதியில் ஓட்டை கண்டுபிடிப்பதில் அவருக்கு ருசி அதிகம். இரண்டாம் ஞாயிறு, தோற்றுச் சிதறி மேசை விளிம்புக்கு வெளியே ஓடிய தன் குதிரைப்படையை அடுத்த சுற்றில் எதிராளியின் முதுகுப்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“ஓடிப் போனது நெசந்தானுங்க அக்கா, நான் இல்லீன்னு சொல்லல. ஆனா திரும்பி வரக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்குதுங்க?”

துளசிமணி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து எழுதினாள். மற்ற விளக்கங்களை எழுதும்போது பேனா மிதமாகத்தான் போகும். இதை எழுதியபோது காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்தது. முப்பத்தெட்டாம் விளக்கம்: ‘முறிந்து ஓடி விளிம்பைத் தாண்டிய படை எக்காரணம் கொண்டும் திரும்பாது. போனது போனதுதான்.’

அந்தக் கடைசி இரண்டு சொற்கள் விளக்கத்துக்குத் தேவையில்லாதவை என்று மன்றச் செயலாளர் குழந்தைவேலுவுக்குத் தோன்றியது. அந்தக் கோபம் குதிரைப்படை மேல் அல்ல என்றும் அவருக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஊரைவிட்டுப் போன சிந்துஜா மேல்.

சிந்துஜா துளசிமணியின் ஒரே மகள். அந்த மன்றத்தில் அவளைப்போல ஆடியவர் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நாலு வருஷத்துக்கு முந்தைய இறுதிப் போட்டியில் அவள் ஸ்டான்லியின் படையை மூலைக்குத் தள்ளிக் கோப்பையைத் தொடப்போகிற நேரத்தில், ஸ்டான்லி ஒரு ஈட்டிக்காரனைத் தூக்கிக் காட்டி, ஒவ்வொரு சிப்பாய்க்கும் குறைந்தது மூன்று வண்ணமாவது தீட்டியிருக்க வேண்டும் என்பது விதி, இவனுக்கு இரண்டுதான் என்றார். மண்டபமே எழுந்து நின்றது. துளசிமணி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள், “ரெண்டுதான்” என்றாள். பத்துப் புள்ளி கழிந்தது, கோப்பை கைமாறியது. மறுநாள் காலை சிந்துஜா ஒரு பையோடு பஸ் ஏறினாள். அதன்பிறகு போனும் இல்லை, கடுதாசியும் இல்லை. சொந்த மகளுக்கே சலுகை காட்டாத அம்மா என்று ஊர் துளசிமணியைத் தலையில் தூக்கி வைத்தது, அவளும் இறங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

முப்பத்தெட்டாம் விளக்கம் ஒட்டிய சாயங்காலமே ஊர் எல்லையில் கூட்டம் சேர்ந்தது. வேலைக்கும் சந்தைக்கும் போனவர்கள் வழக்கம்போலத் திரும்பினார்கள். கோவித்துக்கொண்டு போனவர்களால் மட்டும் முடியவில்லை. ‘செங்காட்டுப்பாளையம் பேரூராட்சி தங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்ற பலகையைத் தாண்டி எத்தனை எட்டு வைத்தாலும் பலகைக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். ரசத்தில் உப்பு குறைவென்று சண்டை போட்டுத் தங்கை வீட்டுக்குப் போன கணவன் ஒருவன், மருமகளோடு முறைத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்ப் பத்தே நாளில் மகளோடும் முறைத்துக்கொண்டு திரும்பிய மாமியார் ஒருத்தி, பங்காளிச் சண்டையில் போன அண்ணன் தம்பி இரண்டு பேர் என்று புதன்கிழமைக்குள் பதினோரு பேர். பலகைக்கு வெளியே இருந்த முத்துராசு டீக்கடையில் அவர்களுக்காக இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போடப்பட்டது. உள்ளேயிருந்து தூக்குப்போசியில் சோறு போனது. அந்த மாமியாரின் மருமகள் மட்டும் சோறோடு பாயும் தலையணையும் கொடுத்தனுப்பிவிட்டு, துளசிமணி வீட்டுக்கு ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்து, “ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை குழந்தைவேலுவுக்குச் சிந்துஜாவிடமிருந்து செய்தி வந்தது. ‘மாமா, செவ்வாய்க்கிழமை பின்லாந்து போறேன், வேலை கிடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை ஒரு நாள் வீட்டுக்கு வந்துட்டுப் போலாம்னு இருக்கேன். அம்பயர்கிட்ட சொல்லிருங்க.’

அவர் அதைப் படித்துக் காட்டியபோது துளசிமணி வார்ப்பு ஒன்றை அளந்துகொண்டிருந்தாள். அளந்து முடித்தாள், எழுதினாள், பேனாவை மூடினாள். பிறகு, “பின்லாந்து எவ்வளவு தூரமுங்க அண்ணா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் எந்த வார்ப்பையும் ஒதுக்கவில்லை. பட்டறையில் அதைப் பார்த்துப் பயந்துபோனார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் பதினேழு வருஷத்தில் செய்யாததைச் செய்யத் துணிந்தாள். பூட்டிய மண்டபத்தைத் திறக்கச் சொல்லி, முப்பத்தொன்பதாம் விளக்கம் என்று தலைப்பிட்டு, ‘முந்தையது சிந்துஜாவுக்குப் பொருந்தாது’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். காகிதம் நழுவி விழுந்தது. பசையைக் கூட்டினாள், விழுந்தது. நான்கு மூலைக்கும் ஆணி அடித்தாள். ஆணிகள் சுவரில் நின்றன, காகிதம் தரையில் கிடந்தது.

குழந்தைவேலு தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஏழாவது விதிங்க. நடுவர் தன் ரத்த சொந்தம் சம்பந்தப்பட்ட மேசையில தீர்ப்பு சொல்லப்படாது. சிந்துஜா அம்மிணி போன அடுத்த வருஷம் நீங்களேதான் சேர்த்தீங்க.”

“அப்ப நீங்க எழுதுங்க.”

“நான் நடுவர் இல்லீங்களே.”

“ஒட்டினது தொடர் முடியற வரைக்கும் நிக்குமே. எப்ப முடியுது?”

“ஆடி முப்பது. இன்னும் ரெண்டு வாரம் இருக்குது.”

துளசிமணி தரையிலேயே உட்கார்ந்தாள். தன் சொந்தக் கையால் கட்டிய சுவர் எவ்வளவு உறுதி என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் செங்கல் செங்கல்லாகத் தட்டிப் பார்த்துத்தான் கட்டியிருந்தாள். தன் மகளை இனி எப்போது வீட்டுக்குள் பார்ப்போம் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் சிந்துஜா வந்தாள். பஸ் பலகையைத் தாண்டி உள்ளே போனது; அவள் உட்கார்ந்திருந்த சீட்டு மட்டும் காலியாகப் போனது, அவள் இரண்டு பைகளோடு டீக்கடை முன்னால் நின்றாள். அங்கிருந்த பதினோரு பேரும் நகர்ந்து இடம் விட்டார்கள். மாமியார்க்காரி, “வா கண்ணு, நீயும் கோவிச்சுட்டுப் போனவளா?” என்று கேட்டு, தன் பாயில் பாதியைக் கொடுத்தாள்.

செய்தி மண்டபத்துக்குப் போனது. பகடைகள் அப்படியே நின்றன. துளசிமணி கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க, சேலைத் தலைப்பைக் காற்று இழுக்க இழுக்க எல்லைக்கு நடந்தாள். அவளுக்குப் பின்னால் பொம்மைச் சங்கம் முழுதும், பொம்மைச் சங்கத்துக்குப் பின்னால் ஊரில் பாதியும் நடந்தது.

அம்மா பலகைக்கு இந்தப் பக்கம். மகள் அந்தப் பக்கம். நடுவில் நாலு அடி இருக்கும்.

“எளைச்சுட்டே” என்றாள் துளசிமணி.

“அளந்து பாத்தீங்களா அம்பயர்?” என்றாள் சிந்துஜா. வாங்க போங்க என்று அவள் அம்மாவை ஒருநாளும் பேசியதில்லை. அந்த ‘ங்க’ துளசிமணியைக் குத்தியது, குத்தட்டும் என்றுதான் அவளும் சொன்னாள்.

“நான் எழுதினது உன்னை இப்பிடி நிறுத்தும்னு நெனைக்கல.”

“நெனைச்சுத்தான் எழுதியிருப்பீங்க. ‘போனது போனதுதான்’னு யாராச்சும் குதிரைக்கு எழுதுவாங்களா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். துளசிமணி திரும்பிப் பார்க்காமலே சிரிப்பு நின்றது.

அப்போது ஸ்டான்லி முன்னால் வந்தார். அவர் முகத்தில் ஓட்டை கண்டுபிடித்தவனின் வெளிச்சம் இருந்தது. “ஒரு சின்ன சந்தேகமுங்க” என்று ஆரம்பித்தார். பாதிப் பேர் தலையில் கை வைத்தார்கள். “முப்பத்தெட்டு என்ன சொல்லுது? முறிஞ்சு ஓடின படை திரும்பாது. சரி. ஒரு படை முறியணும்னா அதுக்கு விழுந்த அடி செல்லுபடியாகியிருக்கணும். அடியே செல்லாதுன்னா அது முறியவேயில்ல, சும்மா நடந்து போயிருக்குது. நடந்து போன படை எப்ப வேணாலும் திரும்பலாம். அம்மிணிக்கு விழுந்த அடி எது? அந்தப் பத்துப் புள்ளி.”

“அதை நான் தீர்ப்புச் சொல்ல முடியாது” என்றாள் துளசிமணி.

“தீர்ப்பே வேண்டாங்க. ஆடின ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா நடுவர் எதுக்கு? நானும் அம்மிணியும் இங்கதான் நிக்கறோம். எங்களுக்கு வேண்டியது சாட்சி. என் கண்ணுக்கு அன்னைக்கு ரெண்டு கலர்தான் தெரிஞ்சுது, மாதா சத்தியம். கண்ணாடி வெச்சுப் பாத்தது நீங்க மட்டுந்தான். மூணாவது இருந்துச்சுங்களா, இல்லீங்களா?”

“ஏப்பா ஸ்டான்லி, இருந்துச்சுன்னா கோப்பை உன் கையை விட்டுப் போயிருமே” என்றார் குழந்தைவேலு.

“போகட்டுமுங்க. இவ்வளவு அருமையான பாயிண்டு இனி எனக்கு எப்ப கிடைக்கப் போகுது?”

காற்று வீசியது. டீக்கடைக்காரன் பாய்லரின் சத்தத்தைக் குறைத்தான். துளசிமணி கழுத்துக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொன்னால் அவள் பதினேழு வருஷமும் பழுதில்லாமல் இருக்கும். மகள் பின்லாந்து போவாள். ஊர் முழுதும் அவள் வாயையே பார்த்தது, நாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்ததைப் போலவே.

“இருந்துச்சு” என்றாள்.

“எங்கீங்க?” என்றார் ஸ்டான்லி.

“கண்ணுல. ஈட்டிக்காரன் கண்ணுக்குள்ள ஒத்தை முடியில தொட்டு ஒரு வெள்ளைப் புள்ளி வெச்சிருந்தா. கண்ணாடி வெச்ச ஒடனே அது என்னையப் பாத்துச்சு. நானும் பாத்தேன். மண்டபமே என் முதுகுப் பின்னால நிக்குது. அம்மா நடுவர், அப்பறம் மக ஜெயிக்காம என்னன்னு காலையிலிருந்து பேசிக்கிட்டாங்க, என் காதுல விழுந்துச்சு. மூணுன்னு சொல்ல வாயெடுத்தேன். பயந்துட்டேன். ரெண்டுன்னு சொல்லிப்போட்டேன்.” குரல் உடைந்தது, உடைந்ததை அவள் மறைக்கவில்லை. “தப்பு என் மேல அம்மிணி. உன் படை முறியல. உன்னைய முறிச்சது நானு.”

“ஒத்துக்கறேன்” என்றார் ஸ்டான்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த திருப்தியோடு.

எல்லோரும் சிந்துஜாவைப் பார்த்தார்கள். அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள் கடைசியில். “நீ பாத்தேன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். உன் கண்ணுக்கு ஒரு புள்ளி தப்புமா? கோப்பை போனதுக்கு நான் போகல. நீ பாத்தும் இல்லேன்னியே, அதுக்குத்தான் போனேன்.” பிறகு, “நானும் ஒத்துக்கறேன்” என்றாள்.

பலகையில் எதுவும் மாறவில்லை. இடி இடிக்கவில்லை. ஆனால் டீக்கடையில் இருந்த பதினோரு பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள். ரசத்துக்குக் கோவித்துக்கொண்டு போனவன், “ஏய், உப்பு கம்மியா இருந்துச்சா இல்லையா, நெசத்தைச் சொல்லு, என் வாழ்க்கையே இதுல இருக்குது” என்று கத்தினான். மாமியார்க்காரி தன் மருமகளுக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது. கூட்டத்தின் பின்வரிசையில் அடித்த அந்தப் போனை யாரோ அவசரமாக அணைத்தார்கள்.

“வா சாமி” என்று கையை நீட்டினாள் துளசிமணி. “வீட்டுக்குப் போலாம்.”

சிந்துஜா வரவில்லை. பைகளைக் கீழே வைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

“முத்துராசண்ணா, ஒரு டீ.” அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “நீ சொல்றதுக்கு நாலு வருஷம் காத்திருந்தேன். நான் ஒரு டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் நீ நில்லு.”

துளசிமணி நின்றாள். ஆடிக் காற்றில் ஒரு டீ ஆற இரண்டு நிமிஷம் போதும். சிந்துஜா அதை ஊதி ஊதிக் குடித்தாள். ஆறிய டீயை ஊதினாள். கிளாஸைச் சுற்றிப் பார்த்தாள், தூசி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், ஒரு வாய் குடித்துவிட்டு மாமியார்க்காரியிடம் பின்லாந்தில் எத்தனை மாதம் பனி என்று விளக்கினாள். சூடு பண்ணித் தரட்டுங்களா அம்மிணி என்று முத்துராசு கேட்டபோது, பண்ணுங்கண்ணா என்று கிளாஸை நீட்டினாள். மண்டபத்தில் ஆட்டக்காரன் அரை நிமிஷம் தாமதித்தால் மணியடிக்கும் துளசிமணி நீட்டிய கையை மடக்காமல் நின்றாள். அவளுக்குக் கால் வலித்தது. இந்த டீ தீரவே வேண்டாம் என்றிருந்தது.

தீர்ந்தது. சிந்துஜா கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினாள். எழுந்து, இரண்டு பைகளில் கனமானதைத் தூக்கி அம்மாவின் நீட்டிய கையில் மாட்டினாள்.

“புடிம்மா, பசிக்குது” என்று சொல்லிவிட்டு, எல்லை எங்கே இருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்காமல் முன்னால் நடந்தாள்.